ஷாலிக்டாங்காவை அளந்தவர்

மொக்லேசுர் ரஹ்மான் காலமாகிவிட்டார் என்று தொலைபேசியில் ஒரு குரல் சொன்னபோது, அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது என்றுதான் முதலில் சொன்னேன். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை காலை. மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு வாசற்படியில் இறுகிப்போயிருந்த பனியை என் கணவர் கொத்திக்கொண்டிருந்தார். பேசியவர் சற்றுத் தயங்கிவிட்டு, "நீங்கள் ஜெசிந்தா அக்காதானே? எயார்போட் சாப்பாட்டுத் தொழிற்சாலையில் உங்களோடு வேலை செய்தவர். நான் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிற ஷாஹின்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்போதுதான் விளங்கியது. அது எங்கள் அமீன் அண்ணையின் பெயர். அந்தப் பெயரை எத்தனையோ தாள்களில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஆனாலும் இறந்தவரின் பெயராக அதைக் கேட்டபோது யாரோ முன்பின் தெரியாத ஒருவருடையது மாதிரி இருந்தது. "தெரியாது" என்று நான் சொன்ன அந்தச் சொல் இன்னமும் என்னைக் குத்துகிறது.

அதற்கு முந்தின நாள் அவர் பகல் வேலை முடித்து, டோர்வலில் பேருந்துத் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருந்துகள் வந்து போயிருக்கின்றன. களைப்பில் தூங்குகிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்களாம். மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஐம்பத்தொரு வயது.

அவரோடு விமானச் சாப்பாட்டு ட்ரே அடுக்கும் அந்த பெல்டின் இரு பக்கமும் நின்ற உங்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது நாம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். கர்க்லாண்டில் சொந்த வீடு வாங்கியவர்கள் இருக்கிறீர்கள், டொரோண்டோவுக்குப் போனவர்கள் இருக்கிறீர்கள். அவருக்காக ஒரு கூட்டம் வைக்க ஆளில்லை. அதனால் எழுத்தில்.

அவர் வந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வரிசையில் யாழ்ப்பாணத்தவரும் மன்னார்க்காரருமாக முழுக்க முழுக்கத் தமிழர். நடுவில் ஒரு வங்காளியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "உங்கட பேர் என்ன?" என்று யாரோ தமிழிலேயே கேட்டார்கள். ஊரில் என்ன வேலை செய்தீர் என்று கேட்பதாக நினைத்து அவர், "அமீன்" என்றார். அமீன் என்றால் அவர்கள் நாட்டில் காணி அளப்பவர். அது பெயரில்லை, தொழில் என்று அவர் விளக்கிச் சொல்ல நான்கு மாதம் பிடித்தது. அதற்குள் அவர் அமீன் ஆகிவிட்டிருந்தார். கோவிலில் செபம் முடிக்கிற 'ஆமென்' போல இருக்கிறதென்று மன்னார்க்காரர் நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. லேசில் சிரிக்கிறவர் இல்லை அவர்.

எங்களிடமிருந்தே தமிழ் படித்தார். வங்காளிகளின் வாயில் 'வ' வராது. "வாறன்" என்பதை "பாறன்" என்பார், "வீடு" என்பதை "பீடு" என்பார். இங்கே நான் அவற்றைத் திருத்தியே எழுதுகிறேன். அவர் இருந்தால் அதைத்தான் விரும்பியிருப்பார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். எல்லோரும் என்னை அக்கா என்றதால் அவரும் அக்கா என்றார். நான் அவரை அண்ணை என்றேன். அதில் என்ன பிழை என்று இருவருமே கேட்டதில்லை.

வேலையில் அவர் மெதுவானவர். ட்ரேயில் கோப்பைக்கும் ரொட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். மேற்பார்வையாளர் கத்துவார். ஒருநாள் நானே பொறுக்க முடியாமல், "ஏன் அண்ணை இப்பிடி மினக்கெடுறியள்?" என்று கேட்டேன். "வானத்தில ஆடும் அக்கா. எல்லை சரியா இருந்தாத்தான் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்காது" என்றார்.

நான் மன்னார்க் கச்சேரி அலுவலகத்தில் காணிக் கிளையில் ஒன்பது ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவள். இது எங்கள் வரிசையில் பலருக்குத் தெரியாது. சொல்ல வேண்டி வரவில்லை. ஒரு மதிய இடைவேளையில் அவர் ட்ரேயில் விரிக்கிற வெள்ளைத் தாளைத் திருப்பிப் போட்டு என்னமோ கீறிக்கொண்டிருந்தார். வளைந்த ஒரு கோடு, அதன் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள். "இதில வடக்கு எங்க அண்ணை?" என்று கேட்டேன். அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவரிடம் யாரும் சரியான கேள்வி கேட்டதில்லை என்பது போல இருந்தது. தாளின் மூலையில் ஓர் அம்புக்குறி போட்டார். அன்றிலிருந்து எங்கள் மதியச் சாப்பாடு ஷாலிக்டாங்காவில்தான்.

ஷாலிக் என்றால் மைனா. டாங்கா என்றால் மேட்டு நிலம். பெயர்தான் மேடு, பார்த்தால் மேசை போலத் தட்டையான ஊர். வடக்கே பத்மா ஆறு. அதற்குத் தெற்கே மண் அணை. அணையின் ஓரமாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குளம் தோண்டி, அந்த மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் மூங்கில் தட்டியும் தகரக் கூரையுமாக வீடு கட்டுவார்கள். மழைக்காலத்தில் மேடுகள் மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுக்கு உப்புக் கேட்கப் போகவும் தோணி வேண்டும். ஆவணி புரட்டாசியில் சணலை வெட்டித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்த நாற்றம் ஊர் முழுக்க நிற்கும், சோற்றுக் கையிலும் நிற்கும். "ரோகெயா கையைப் பத்துத் தரம் கழுவுவா. பேந்தும் மணக்கும். எனக்கு அந்த மணம் பிடிக்கும் எண்டு சொல்ல வெட்கம்" என்றார் ஒருநாள். ரோகெயா அவருடைய மனைவி. பனிக்காலம் வந்தால் ஈச்ச மரத்தில் சாறு இறக்கி வெல்லம் காய்ச்சுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் சந்தை. சந்தையில் ஒரே ஒரு தேநீர்க் கடை; அங்கேதான் காணிச் சண்டைகள் தொடங்கும், அங்கேதான் இவர் போய்த் தீர்ப்பார்.

சரித்திரமும் சொல்வார். வெள்ளைக்காரன் அவுரிச் சாயம் காய்ச்சிய செங்கல் தொட்டிகள் இரண்டு ஊருக்குத் தெற்கே, ஆறு இன்னும் எட்டாத இடத்தில் இடியாமல் நின்றன. அவருடைய தாத்தாவின் தகப்பன் நெல்லுப் போட வேண்டிய நிலத்தில் அடி வாங்கிக்கொண்டு அவுரி போட்டவர். வங்காளதேச விடுதலைச் சண்டைக் காலத்தில் பாகிஸ்தான் இராணுவம் ஆற்று வழியாகப் படகில் வந்தபோது, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சணல் காட்டுக்குள் ஊரே மூன்று நாள் மூச்சடக்கிக் கிடந்தது. அவர் அப்போது சின்னப் பையன். அழுதுவிடக் கூடாதென்று தாய் அவர் வாயில் ஈரத் துணியை வைத்திருந்தாளாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சரித்திரம் ஆறுதான். அவருடைய தகப்பன் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை, அவர் இளைஞனாக இருந்தபோது ஒருமுறை, மகள் மித்து தவழ்ந்தபோது ஒருமுறை என்று மூன்று தடவை பத்மா அந்த ஊரை விழுங்கியிருக்கிறது. கரையில் வெடிப்பு விழுந்ததும் கூரைத் தகரத்தைக் கழற்றுவார்கள். தட்டிகளைச் சுருட்டுவார்கள். பள்ளிக்கூடத்து வாங்குகளையும் கரும்பலகையையும் தோணியில் ஏற்றுவார்கள். அடி குழாயைக்கூட மண்ணிலிருந்து பிடுங்கி எடுப்பார்கள். தெற்கே ஒரு மைல், ஒன்றரை மைல் தள்ளிப் போய் மறுபடி மண் குவித்து மேடு கட்டுவார்கள். அங்கேயும் அது ஷாலிக்டாங்காதான். "ஊர் எண்டா இடம் இல்லை அக்கா. ஆருக்குப் பக்கத்தில ஆர் எண்டிறதுதான் ஊர்" என்றார். எங்கே போய்க் குடியேறினாலும், யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்ற ஒழுங்கு மாறாதாம். அந்த ஒழுங்கை அளந்து கொடுப்பது அமீனின் வேலை.

அவரை ஊரை விட்டு ஓட வைத்ததும் அந்த அளவுதான். இதை அவர் ஒரே ஒருமுறை சொன்னார், சாப்பாட்டு வண்டிகளைக் கழுவிக்கொண்டே, கையை நிறுத்தாமல். ஆறு விழுங்கிய நிலம் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஆற்றின் நடுவில் மணல் திட்டாக மேலே வரும். சோர் என்பார்கள். முன்பு அங்கே நிலம் இழந்தவர்களுக்கே அது சேர வேண்டும். அமீன், அந்த அவுரித் தொட்டியின் மூலையில் இருந்து சங்கிலி பிடித்து அளந்து, இன்னாருக்கு இவ்வளவு என்று குச்சி நட்டார். அந்த வட்டாரத்துப் பெரிய மனிதன் ஒருவன் திட்டு முழுவதும் தன்னுடையதென்று வேறொரு வரைபடம் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டான். இவர் போடவில்லை. இவருடைய அண்ணனின் இரண்டு கால்களையும் அடித்து முறித்தார்கள். வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அடுத்தது நீ என்றார்கள். ரோகெயாவையும் மித்துவையும் ரோகெயாவின் தாய் வீட்டில் விட்டுவிட்டு, அவர் எப்படி எப்படியோ மொன்றியல் வந்து சேர்ந்தார்.

அவருடைய அகதி விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தபோது நான் ஒரு புத்தி சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். "அண்ணை, ஆறு மாறின கதையெல்லாம் சொல்லாதேங்கோ. அவங்கட மேப்பில என்ன இருக்கோ அதைச் சொல்லுங்கோ. ஒரே ஒரு தூரம். நானும் அப்பிடித்தான் சொன்னனான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன சொன்னீங்க?"

என் விசாரணையில், என் வீடு கோவிலுக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருந்தேன். கோவில் வரைபடத்தில் இருந்தது. என் வீடு இருந்த குடியிருப்பு, உப்பளத்துக்குப் பின்னால், எந்த வரைபடத்திலும் இல்லை. என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லாத விஷயம் அது. அமீன் அண்ணை நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு, "நீங்க செய்தது பிழை எண்டு சொல்லேல்லை. ஆனா நான் அமீன். ஒரு தூரம் சொன்னா அது பொய்யளவு" என்றார்.

விசாரணை நாளில், அவருடைய சம்மதத்தோடு என்னை உள்ளே இருக்க விட்டார்கள். அதிகாரி முன்னால் ஒரு வரைபடம் விரித்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்: "உங்கள் வீட்டிலிருந்து ஆறு எவ்வளவு தூரம்?"

"எந்த வருஷத்தில்?" என்றார் அமீன் அண்ணை.

அந்த அறையில் நான் மட்டும்தான் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு அது மழுப்பலாகப் பட்டது. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். மூன்று பக்கம் சொன்னார். சில வாரங்களில் கடிதம் வந்தது. அவர் சொல்லும் ஊரில் அவர் வாழ்ந்தவர் என்று நம்ப முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

"நான் சங்கிலி பிடிச்சு அளந்த ஊர் அக்கா. நான் அங்க இருக்கேல்லையாம்." தொழிற்சாலை வாசலில் கடிதத்தை என்னிடம் நீட்டினார். அப்போது நான் செய்திருக்க வேண்டியது வேறு. நான் சொன்னது: "நான் சொன்னதைக் கேட்டிருக்கலாமே அண்ணை." அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று கிழமை என்னோடு பேசவில்லை. பெல்டில் எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டே பேசவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆயுளுக்கும் பேசியிருக்க மாட்டேன்.

நான்காம் கிழமை, ஒரு சுருள் படம் கீறும் கண்ணாடித் தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, "அக்கா, உங்கட வீட்டு மேசை பெரிசோ?" என்று கேட்டார்.

அவருடைய வழக்கறிஞர் மறுவிசாரணைக்கு மனுப் போட்டிருந்தார். அந்தக் குளிர்காலம் முழுதும், ஞாயிறு பூசை முடிந்து நான் வீடு திரும்பும்போது அவர் எங்கள் வாசலில் நிற்பார். சாப்பாட்டு மேசையில் நான்கு தாள்கள். முதலாவதில் தகப்பன் காலத்து ஊர், அடுத்ததில் முதல் தடவை ஆறு வந்த பிறகு, அதற்கடுத்ததில் இரண்டாம் தடவை, கடைசியில் அவர் விட்டு வந்த ஊர். எல்லாத் தாளிலும் அந்த அவுரித் தொட்டி மட்டும் ஒரே புள்ளியில் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஆறு தெற்கே இறங்கி வருவது தெரியும். அவர் கீற, நான் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் வாக்குமூலம் எழுதினேன். பழைய வேலைப் பழக்கம் கையில் திரும்பி வந்தது.

சந்தேகம் வந்தால் தொலைபேசி அட்டையைச் சுரண்டி ரோகெயாவை எடுப்பார். சந்தைக் கடையில் நின்று அவள் உரக்கப் பேசுவது எங்கள் வீட்டுக் கூடமெல்லாம் கேட்கும். ஒருமுறை இருவருக்கும் பெரிய வாக்குவாதம். புளியமரம் குளத்துக்குக் கிழக்கே என்று இவர் சொல்கிறார். இல்லை, மேற்கே என்கிறாள் அவள். பத்து நிமிடம். கடைசியில் முறுமுறுத்துக்கொண்டே அழித்துவிட்டு மேற்கில் கீறினார். "அமீன் நீங்களா அவவா?" என்று என் கணவர் கேட்டார். "அளந்தது நான். ஒவ்வொரு நாளும் தண்ணிக் குடத்தோட நடந்தது அவ" என்றார். அன்றுதான் அவர் சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

இரண்டாம் விசாரணையில் வேறொரு அதிகாரி, ஒரு பெண்மணி. அதே கேள்வி. இவர் பதில் சொல்லாமல் தாள்களை மேசையில் அடுக்கினார். அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். திருப்பி அடுக்கினார். மறுபடி எடுத்தார். பிறகு, "இப்போது உங்கள் வீடு எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார். தீ வைத்த வீட்டின் மேட்டையும் அவர் வந்த பிறகு ஆறு எடுத்துவிட்டிருந்தது. அமீன் அண்ணை நீலம் தீட்டியிருந்த இடத்தின் நடுவில் விரலை வைத்தார்.

அவரை ஏற்றுக்கொண்டார்கள். திரும்பி வரும்போது மெட்ரோ பிடித்தோம். பேருந்து மாறிய பிறகுதான், "உங்கட வீடு உண்மையா எங்க அக்கா?" என்று கேட்டார். உப்பளம், பனங்கூடல், வண்டிப் பாதை என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இடையிடையே, "எத்தனை அடி?" என்று மட்டும் கேட்டார். பதினான்கு ஆண்டுகளாக இந்த நாட்டில் நான் எவருக்கும் சொல்லாத வழியை அந்தப் பேருந்தில் இருந்தபடி அவருக்குச் சொன்னேன். இறங்கும்போது என் மனப்பாரம் பாதி குறைந்திருந்தது.

பிறகு மனைவியையும் மகளையும் கூப்பிடும் விண்ணப்பம். அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியாக இந்தக் குளிர்காலத்தில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்துவிட்டது. கோடையில் வந்துவிடுவார்கள் என்றார். ஜூலை முதலாம் தேதியிலிருந்து சென் லோறானில் ஒரு வீடு பேசியிருந்தார். அறைகளை அளந்து படம் கீறி ஊருக்கு அனுப்பினார். ரோகெயா மித்துவின் கட்டிலை யன்னல் பக்கமாக மாற்றச் சொன்னாள். "மாத்திப்போட்டன்" என்று பிப்ரவரியில் தொலைபேசியில் என்னிடம் சொன்னார். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

அவர் இறந்ததோடு விண்ணப்பமும் முடிந்துபோனதாம். வழக்கறிஞரைக் கேட்டேன், தேவாலயத்தில் தெரிந்தவர்களைக் கேட்டேன். விண்ணப்பித்தவர் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்றார்கள். ரோகெயாவும் மித்துவும் இங்கே வர மாட்டார்கள்.

உடலை ஊருக்கு அனுப்புவதா இங்கேயே அடக்குவதா என்று பள்ளிவாசல்காரர் கேட்டதாக ஷாஹின் சொன்னார். நான் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். ஷாஹின் ரோகெயாவை எடுத்துப் பேசிவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.  பிறகு சொன்னார்: "இங்கேயே வைக்கச் சொல்கிறா. மாமனாரை அடக்கிய கபுறை ஆறு கொண்டுபோய்விட்டது. மாமியாரின் கபுறையும் கொண்டுபோய்விட்டது. இவரையும் கொண்டுபோனால் தன்னால் தாங்க முடியாது என்கிறா. நகராத மண்ணில் வையுங்கள் என்கிறா."

நான் வங்காள மொழி அறியேன். ரிசீவரை வாங்கி, தமிழிலேயே, "ரோகெயா, ரோகெயா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அழுதேன். அந்தப் பக்கமும் அழுகைதான்.

லாவாலில் உள்ள முஸ்லிம் மயானத்தில் அடக்கினார்கள். ஆண்கள் தொழுது முடித்து மண் போடும் வரை நான் பாதையில் காருக்குப் பக்கத்தில் நின்றேன். தொழிற்சாலையிலிருந்து நான்கு பேர் வந்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு நானும் என் கணவரும் அளவு நாடாவோடு மறுபடி போனோம். ரோகெயா ஷாஹினிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்: அவர் எங்கே கிடக்கிறார் என்று தனக்குத் தெரிய வேண்டும். பனி முழங்காலுக்கு இருந்தது. முதலில் வடக்கைக் கண்டுபிடித்தோம். வாசல் தூணிலிருந்து மேப்பிள் மரம் வரை ஒரு அளவு. மரத்திலிருந்து கிழக்கே, மண் குவித்திருந்த அந்த இடம் வரை இன்னொரு அளவு. நாடா நனைந்து தொய்ந்ததால் மூன்று தரம் அளந்தோம். இடப்பக்கத்துக் கபுறு ஒரு மொரோக்கோக் கிழவியுடையது. வலப்பக்கம் காலி. யாருக்குப் பக்கத்தில் யார் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் ஷாஹினின் வீட்டிலிருந்து ரோகெயாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவர் வங்காளத்தில் சொன்னார். பாதியில் ரோகெயாவின் குரல் நின்று, ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. மித்து. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள்.

"அன்ரி, மெதுவாகச் சொல்லுங்கள். நான் கீறிக்கொண்டிருக்கிறேன்."

முதலிலிருந்து மெதுவாகச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணையும் அவள் திருப்பிச் சொன்னாள். ஓரிடத்தில் என் கணக்குப் பிழைத்திருந்ததை அவள்தான் பிடித்தாள்.

அந்த அளவுகளை எழுதிய தாள் என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அமீன் அண்ணையில் எனக்கென்று மிஞ்சியது அதுதான். மித்துவின் படத்தில் இருப்பதும் என் தாளில் இருப்பதும் அடிக்கு அடி சரி.